மீதிச் சாட்சி

வீடியோ எடுத்துக் கொடுத்தது சொந்தக் கொழுந்தன்தான் என்று தெரிந்த அன்றைக்கே லூர்துசெல்வி திண்டிவனத்துக்குப் பஸ் ஏறியிருப்பாள். மகள் ஆஷ்லின்தான் குறுக்கே நின்று தடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அந்தாளு முகாம் போடறாம்மா. அன்னிக்குப் போனா ஜனம் இருக்கும். இப்பப் போனா கதவச் சாத்திக்குவான்."

பழிவாங்குவதில் அம்மாவை விட மகளுக்குப் பொறுமை அதிகம். செல்வி அடங்கினாள். ஆனால் எப்படி அடங்கினாள்? மாவு அரைக்கும்போதும், துணி அலசும்போதும் அவள் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு வீரம்மாள், பாவம், செபம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். செபமாவது ஒன்றாவது! நெடுஞ்செழியன் முகத்துக்கு நேரே என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அதில் பாதியை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

கதையை நடுவில் வந்து பிடித்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

செல்வியின் கணவர் சவரிராயன் விழுப்புரம் – பாண்டி தனியார் பஸ்ஸில் டிரைவர். வளவனூர் கடைத்தெருவில் அவர் ஹாரன் சத்தத்தை வைத்தே வண்டியை அடையாளம் சொல்வார்கள். அவருக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரைக்கு அடங்காமல் இன்சுலின் ஊசி வரைக்கும் போனது. அவரும் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கைப்பேசியில் நெட் தண்ணீர் மாதிரி கிடைக்க ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஓய்வாக உட்காரும் நேரத்தில் அவர் ஒரு வீடியோ பார்த்தார். வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டு, 'ஊசி என்பதே கம்பெனிக்காரன் செய்த சதி' என்று பேசினார். சவரிராயன் ஒன்றைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேட்காமலேயே அதே மாதிரி ஒன்பதை ஃபோன் எடுத்து எடுத்து நீட்டியது. உலகமே ஊசியை விட்டுவிட்டது, தான் மட்டும் ஏமாளி என்று அந்த மனிதருக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

வெள்ளை ஜிப்பாவின் பெயர் நெடுஞ்செழியன். ஊர் திண்டிவனம். அவர் விற்ற பொடியின் பெயர் 'சர்க்கரை சம்ஹாரம்'. ஆவாரம்பூ, நாவல் கொட்டை, வெந்தயம். இவற்றில் எதன் மேலும் எனக்குப் பகை கிடையாது. ஊசியை நிறுத்தச் சொன்னதுதான் பாவம்.

சவரிராயன் நிறுத்தினார். புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் ஒரு கொப்புளம். அது வலிக்கவே இல்லை. வலிக்காததை அவர் குணம் என்று எடுத்துக்கொண்டார். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பாதம் கறுத்திருந்தது. உயிரைக் காப்பாற்ற வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அவர் கட்டிலில் கிடந்த நாட்களிலும், முன்பு பொடிக்குச் சாட்சியாக எடுத்த வீடியோவில் அவர் இரண்டு காலில் நின்றுகொண்டு, "ஊசியை விட்டு மூணு மாசம் ஆச்சு, சுகரு நார்மல்" என்று சிரித்துக்கொண்டே இருந்தார். நெடுஞ்செழியனின் ஃபேஸ்புக் பக்கத்தில் அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான்.

செல்விக்குக் கைப்பேசி மேல் வெறி பிடித்தது வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான். சர்க்கரை என்று தட்டினாள். பாகற்காய் என்றான் ஒருவன். வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் என்றான் இன்னொருவன். எல்லாரும் டாக்டர், எல்லார் பேச்சும் ஒரு ஃபோன் நம்பரில் முடிந்தது. அவள் திட்டிக்கொண்டே தள்ளித் தள்ளிப் பார்ப்பதைக் கவனித்த நர்ஸ் ஜெயம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாக்கா தேடற?"

"உண்மையத் தேடறேன்."

"சொல்றவன் யாரு, இன்னா படிச்சான்னு மொதல்ல பாரு. கடைசியில அவனே எதனா விக்கிறானான்னு பாரு. வித்தான்னா எழுந்து வந்துடு."

"அப்ப யாரத்தான் நம்பறது?"

"எதையும் விக்காத எடத்துல தேடு. சர்க்காரு பக்கம் கீது, மெடிக்கல் காலேஜு பக்கம் கீது. ரெண்டு மூணு எடத்துல ஒரே மாதிரி சொல்லிக்கிறாங்களா, எப்ப எழுதினதுன்னு பாரு. ஒண்ணு சொல்றேன், அதெல்லாம் படிக்கச் சப்புன்னு இருக்கும். அதிசயம் ஒண்ணும் இருக்காது. டாக்டரக் கேளுன்னுதான் முடியும்."

சப்பென்று இருந்ததைத்தான் செல்வி அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தாள். பதிவு பெற்ற டாக்டர்களின் பெயரைப் போட்டுப் பார்க்கும் பக்கம் ஒன்று இருப்பதை ஆஷ்லின் கண்டுபிடித்தாள். அதில் திண்டிவனம் நெடுஞ்செழியன் இல்லவே இல்லை. 'அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டார்கள்' என்று அவர் வீடியோவுக்கு வீடியோ சொல்லும் ஆராய்ச்சியையும் ஆஷ்லின் விடவில்லை. அரசுக் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறவள். தேடிப் பிடித்துப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

"எலிம்மா. எலிக்குக் குடுத்துப் பாத்துக்கிறாங்க. மனுசங்களுக்கு இன்னும் பாக்கலேன்னு அவங்களே கடைசியில எழுதிக்கிறாங்க."

"உங்கப்பாவ எலின்னு நெனச்சிக்கினானா அவன்?" என்றாள் செல்வி.

இதையெல்லாம் அவள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'அவர் வீடியோவை எடுத்தது யார்?' என்று கேட்டாள். அத்தனை சொந்தக்காரர்களும் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒரே ஒருவன் மட்டும் சத்தமில்லாமல் குரூப்பை விட்டு வெளியேறினான். திண்டிவனத்தில் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அந்தோணி பிரபு. சவரிராயன் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. அண்ணனுக்குக் கால் எடுத்தபோது ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டாதவன். ஏன் காட்டவில்லை என்பது அப்போதுதான் செல்விக்கு விளங்கியது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

முதல் பூசை பார்த்துவிட்டு வந்த கையோடு, புடவை கூட மாற்றாமல் செல்வி கணவர் முன்னால் நின்றாள்.

"கௌம்புங்க. ஆஷ்லின் வெள்ளச் சட்டை எடுத்து வெச்சிருக்கா."

"நான் வர்ல."

"இன்னாத்துக்கு?"

சவரிராயன் சுவரைப் பார்த்தார். கால் போன பிறகு அவர் அதிகம் பேசுவது சுவரோடுதான்.

"நீயும் போவாத செல்வி. உட்டுடு."

"உடறதா? என் தாலி தப்பிச்சது ஜெயம் சிஸ்டர் கையில. அவன் கையில இல்ல. அவன அத்தினி ஜனத்துக்கு முன்னாடி அவுத்து நிறுத்தாம எனக்குச் சோறு எறங்காது. உங்க தம்பியையும் சேத்துத்தான். அண்ணங்காலுக்கு மேல ஸ்டூடியோ நடத்தறானே, நடத்தட்டும்."

"பிரபுவ இன்னாத்துக்கு இழுக்கற?"

"அவன் எடுத்த வீடியோதான?"

"பேசுனது நான்தான?"

அவர் குரல் இறங்கியது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நார்மல்னு சொன்னனே... டெஸ்ட்டு எடுக்கவே இல்ல செல்வி."

செல்விக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "மூணு மாசம் ஆச்சுன்னீங்களே?"

"ஊசியை உட்டே அப்ப ஒரு வாரந்தான் ஆச்சி."

"அப்ப ஏன்ங்க அப்படிச் சொன்னீங்க?"

"கூட்டத்துல அப்படித்தான சொல்லுவோம்?" என்றார் சவரிராயன், குழந்தை மாதிரி.

கூட்டம் என்றால் மாதா கோயில் பக்கத்து ஹாலில் மாதாமாதம் நடக்கும் செபக்கூட்டம். கைதட்டிப் பாட்டு பாடுவார்கள், பிறகு ஒவ்வொருவராக முன்னால் போய்ச் சாட்சி சொல்வார்கள். கேட்டது கிடைத்த பிறகு நன்றி சொல்வது சாதாரண விசுவாசம். கிடைப்பதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டதாக நன்றி சொல்வது பெரிய விசுவாசம். கல்யாணமாகி வருஷக்கணக்கில் வயிறு திறக்காமல் இருந்த காலத்தில் சவரிராயன் அந்த ஹாலில் நின்று, "ஆண்டவர் எனக்கு ஒரு பெண் குழந்தை கொடுத்தார்" என்று அந்த டிரைவர் குரலில் முழங்கினார். ஜனம் அல்லேலூயா சொன்னது. செல்வி வெட்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம் ஆஷ்லின் பிறந்தாள். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் அவருக்கு யாரும் எதையும் எடுத்துச் சொல்ல முடியவில்லை.

"நல்லாயிட்டேன்னு முன்னாடியே சொன்னா நல்லாயிடும்னு நெனச்சேன்" என்றார்.

"சாமிகிட்ட சொல்றது வேற. காமிராகிட்ட சொல்றது வேற" என்றாள் செல்வி.

"பிரபுவுக்கு இது தெரியாது. நான் சொன்னத அவன் நம்பிட்டான்."

இந்த வார்த்தை செல்விக்குப் பிடிக்கவில்லை. கொழுந்தனுக்கென்று இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கணவர் சொன்னது காதில் விழாத மாதிரி பையை எடுத்துக்கொண்டாள்.

"ஆஷ்லின், அப்பாவுக்கு ஊசி போட்டுட்டு டிபன் குடு. நான் போய்ட்டு வர்றேன்."

"இரும்மா, நானும் வர்றேன்."

"ஒருத்தி போதும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. முண்டியம்பாக்கம் தாண்டும்போது ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு. பொய் சொன்னது அவர்தானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. விசுவாசத்தில் சொன்னது பொய்யா என்று அவளே அதன் வாயை அடைத்தாள். கெட்டது யாரால்? ஊசியை நிறுத்து என்றவனால். அவன் கதை முடியட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

முகாம் நடந்தது மரக்காணம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். 'சர்க்கரையை வென்ற சிங்கம்! விழுப்புரம் சவரிராயன்!' பின்னால் எந்த ஊரிலோ இருக்கும் அருவி. முன்னால் காக்கிச் சட்டையில் அவள் கணவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

செல்வி அந்த வலது காலைப் பார்த்தாள். பெருவிரல் நகம் வரைக்கும் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கோபம் இறங்கிவிடும் என்று பயந்து அதை விழுங்கிவிட்டு உள்ளே போனாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நுழைந்ததும் பொடி விற்கிற மேஜை. மணமேடையில் நாற்காலி போட்டு வெள்ளை ஜிப்பா. கீழே, நடு வழியில் மூன்று கால் ஸ்டாண்டில் ஃபோனைப் பொருத்திக்கொண்டு அந்தோணி பிரபு. அண்ணியைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தம் வற்றியது.

"அண்ணி..."

"இன்னா பிரபு, நல்லாக்கிறியா?"

"அண்ணன் எப்படிக்கிறாரு?"

"வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அண்ணி வருவேன்?" அவன் குரல் உடைந்தது. "சத்தியமா அவரு சொன்னத நம்பித்தான் எடுத்தேன்."

"கால எடுத்த பொறவும் எடுத்துக்கினேதான நிக்கிற?"

பிரபு தலையைக் குனிந்துகொண்டான்.

"இது இப்பவே ஃபேஸ்புக்குல போவுதா?" என்று கேட்டாள் செல்வி.

"ஆமா. லைவ்வு."

"ரொம்பப் பேரு பாப்பாங்களா?"

"பாப்பாங்க."

"நல்லதுப்பா. என் மூஞ்சி தெளிவாத் தெரியற மாதிரி வெச்சி எடு."

மேடைக்குப் பக்கத்தில் சாட்சி சொல்ல வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்த பெண் ஒருத்தி, "பலன் கண்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"கண்டேன்" என்றாள் செல்வி. "நல்லாக் கண்டேன்."

வரிசையில் இடம் கிடைத்தது. மூட்டு வலி போனவர் பேசினார், முடி முளைத்தவர் பேசினார். செல்வி கையில் மைக் வந்தது. இத்தனை நாள் ஒத்திகை வீண் போகுமா?

"என் பேரு லூர்துசெல்வி. வாசல்ல பேனர்ல நிக்கிறாரே, அவரு பொண்டாட்டி."

மண்டபம் கைதட்டியது. நெடுஞ்செழியனும் எழுந்து நின்று தட்டினார். செல்வி கைதட்டல் ஓயும் வரை காத்திருந்தாள். அதை அனுபவித்தாள் என்றே சொல்லலாம்.

"பேனர்ல ரெண்டு காலு கீது. வூட்ல ஒண்ணுதான் கீது. இந்தாளு பேச்சக் கேட்டு ஊசிய நிறுத்தினாரு. காலு அழுகி, முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. காலு போனவரு படத்த வாசல்ல வெச்சிப் பொடி விக்கிறானே, இவன் மனுசனா? கேளுங்க!"

கைதட்டின கைகள் அப்படியே மடியில் விழுந்தன. நெடுஞ்செழியன் அசரவில்லை. மெதுவாக வந்து, அக்கா கையிலிருந்து தம்பி வாங்குவது போல மைக்கை வாங்கிக்கொண்டார்.

"சகோதரி மனசு நொந்து பேசுறாங்க. நான் கோவிச்சுக்கல. ஒரே ஒரு கேள்வி. பத்தியம் இருந்தாரா? பொடிய ஒரு வேளை, பிரியாணிய ரெண்டு வேளைன்னு இருந்தா நான் என்னம்மா பண்றது? காலை எடுத்தது நானா, இங்கிலீஷ் வைத்தியமா?"

கூட்டம் சிரித்தது. "கம்பெனிக்காரன் செட்டப் பண்ணி அனுப்பிக்கிறான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செல்விக்கு மைக் தேவைப்படவில்லை. "பத்தியத்த உடு. நீ எங்க டாக்டருக்குப் படிச்ச? பதிவு நம்பர் சொல்லு! டாக்டருங்க பேரு இருக்கற எடத்துல உன் பேரே இல்லியே? அமெரிக்காவுல நிரூபிச்சது எலிக்கின்னு ஏன் சொல்லல?"

"சகோதரி கூகிள்ல படிச்சிட்டு வந்திருக்காங்க" என்றார் நெடுஞ்செழியன். மறுபடியும் சிரிப்பு.

"நீயும் அதே ஃபோன் சந்து வழியாத்தான்டா எங்க வூட்டுக்குள்ள வந்த!"

சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு ஆட்கள் அவள் தோளைத் தொட்டு, "எறங்கும்மா, பேஜாரு பண்ணாத" என்றார்கள். இத்தனை நாள் தேடியதும் படித்ததும் ஒரு பிரியாணியில் முடிந்துவிட்டதே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. அந்த ஜிப்பாவைப் பிடித்துக் கிழித்துவிடலாமா என்று கூட ஒரு கணம் கை பரபரத்தது.

அப்போது வாசல் பக்கம் சலசலப்பு. "பேனர்ல கீறவரு! பேனர்ல கீறவரு!"

சவரிராயன் அக்குளில் இரண்டு கட்டைகளை ஊன்றி நடு வழியில் வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. பின்னால் ஆஷ்லின். அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்திருக்கிறார்கள். பழைய டிரைவரைப் பழைய சிநேகிதர்கள் தூக்கி ஏற்றி, தூக்கி இறக்கியிருக்கிறார்கள்.

"அம்மா ஒருத்தி பேச்ச நம்ப மாட்டாங்கப்பான்னு சொன்னேன், உடனே சட்டையக் கேட்டாரு" என்று ஆஷ்லின் பிற்பாடு சொன்னாள்.

அவர் மேடை ஏறவில்லை. கீழேயே நின்று, ஜனத்தின் பக்கம் திரும்பி, ஒரு கையால் வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"நான்தான் சவரிராயன்" என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது. "பிரியாணி துன்னல. பத்தியம் இருந்தேன். ஊசிய நிறுத்துனதால போன காலு இது. இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்குச் சுகரு நார்மல்னு சொன்னேன் பாருங்க, டெஸ்ட்டு எடுக்காம சொன்னேன். மூணு மாசம்னதும் பொய்யி. நல்லாயிடுவேன்னு நம்பிச் சொன்னேன். அன்னிக்குப் பாதிதான் சொன்னேன். மீதி இன்னிக்கிச் சொல்றேன். ஊசி போட்டுக்கறவங்க யாரும் டாக்டரக் கேக்காம நிறுத்தாதீங்க. கையெடுத்துக் கும்புடறேன்."

கும்பிட முடியவில்லை. கட்டைகள் கையில் இருந்தன.

"பிரபு! லைவ கட் பண்ணு!" நெடுஞ்செழியனின் குரலில் முதல் முறையாகச் சுருதி தப்பியது.

பிரபு ஃபோனைத் தொடவில்லை. அண்ணனின் காலை அவன் இப்போதுதான் பார்க்கிறான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். ஃபோன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததைச் செல்வி வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாள். நாற்காலிகள் சாய்ந்தன. பொடி மேஜையை நாலு பேர் கவிழ்த்தார்கள். 'பதிவு நம்பர் சொல்லுய்யா' என்று ஒரு பெரியவர் மேடை ஏறினார். வெள்ளை ஜிப்பா சமையல்கட்டு வழியாகப் பின்கதவுக்கு ஓடியது. ஓடும்போது ஒரு செருப்பு கழன்று விழ, அதை எடுக்கக்கூட நிற்காமல் ஓடியது.

செல்விக்குப் பாவம் என்று தோன்றவில்லை. இன்னும் ஓடட்டும், ஊர் ஊராக ஓடட்டும் என்றுதான் தோன்றியது. உடம்பெல்லாம் குளிர்ந்துபோன மாதிரி ஒரு சந்தோஷம். பல மாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

கூட்டம் பின்கதவுப் பக்கம் பாய்ந்ததில் மண்டபத்தின் நடுப்பகுதி காலியானது. அங்கே ஒரே ஒரு பெண் மட்டும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். செல்வி வயதுதான் இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. எழுந்தாள். நெடுஞ்செழியன் ஓடிய திசையை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகச் சவரிராயன் முன்னால் வந்து நின்றாள்.

"டெஸ்ட்டு எடுக்கலியா நீங்க?"

"இல்லம்மா."

"என் பேரு கலையரசி. ஓமந்தூரு." அமைதியாகத்தான் பேசினாள். "எங்க வூட்டுக்காரரு அந்த ஜிப்பாக்காரன நம்பல. வைத்தியன்னா விக்கத்தான் பேசுவான்னாரு. உங்களத்தான் நம்புனாரு. டெய்லி உங்க வீடியோவப் போட்டுப் போட்டுப் பாப்பாரு. 'நம்மளாட்டம் ஒரு டிரைவரு, இந்தாளு இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போறான்'னு சொல்லிக்கினே ஊசிய எடுத்துக் குப்பையில போட்டாரு."

"இப்ப எப்படிக்கிறாரு?" என்று செல்வி கேட்டாள்.

"இல்ல."

மண்டபத்துக்குப் பின்னால் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

"பத்தியம் தவறிட்டாருன்னு ஜிப்பாக்காரன் ஆளுங்க சொல்லி அனுப்பினாங்க" என்றாள் கலையரசி. "இத்தினி நாளா நான்தான் எதையோ தப்பா ஆக்கிப் போட்டுட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கேப்பைக் கூழுல வெல்லம் கலந்துட்டனோ, வறுத்த மல்லாட்டை கொஞ்சம் ஜாஸ்தி குடுத்துட்டனோன்னு. எங்க மாமியாரு இன்னிக்கி வரைக்கும் என் கையால சாப்பிடறதில்ல. இன்னிக்கி நீங்க இங்க இருப்பீங்க, உங்க கிட்டயே கேட்டுடலாம்னுதான் வந்தேன். உங்களுக்கு மட்டும் எப்படிங்க நல்லாச்சி, நான் எங்க தப்பு பண்ணேன்னு."

சவரிராயனின் கட்டை ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. பிரபு ஓடி வந்து அண்ணனைத் தாங்கிக்கொண்டான்.

"மன்னிச்சிடும்மா" என்றார் சவரிராயன்.

"வர்லிங்களே" என்றாள் கலையரசி. "மன்னிக்க வர்ல."

பிறகு செல்வியின் பக்கம் திரும்பினாள். "உங்க வூடு எங்க கீது?"

"யக்கா, எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசுங்க, நான்தான் வீடியோ எடுத்தேன்" என்று பிரபு குறுக்கே வந்தான். ஆஷ்லின் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லாதம்மா" என்று காதோடு சொன்னாள்.

செல்வி அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்தது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் புருஷனும் ஏமாந்தவர்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். நெடுஞ்செழியனைப் பற்றி அப்படிக் கேட்டிருந்தால் தன் மனம் ஆறியிருக்குமா என்று யோசித்தாள். ஆறியிருக்காது. யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவர்களையும் சேர்த்துத்தான் சபித்திருப்பாள்.

"விழுப்புரம்" என்றாள். "கிழக்கு பாண்டி ரோட்டுல மாதா கோயிலுக்குப் பின்னாடி தெரு. பஸ் டிரைவரு சவரிராயன் வூடுன்னா யாரும் காட்டுவாங்க."

"அம்மா!" என்றாள் ஆஷ்லின்.

"நாளைக்கி வர்றேன்" என்றாள் கலையரசி. "தனியா வர மாட்டேன். எங்க வூட்டுக்காரரு கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு கீறாங்க. அவங்களையும் கூட்டிக்கினு வருவேன்."

சவரிராயன் மனைவியைப் பார்த்தார். செல்வி அவரைப் பார்க்கவில்லை.

"வாங்க" என்றாள். "நாங்க எல்லாரும் வூட்லதான் இருப்போம்."